மஞ்சள் பிடித்த ஹெட்லைட்டைக் கையால் தேய்த்துத் தெளியவைப்பது எப்படி?

உங்கள் காரின் ஹெட்லைட் மங்கிப் போயிருந்தால், கடைக்குப் போகுமுன் ஒரு கோப்பைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய கணமே புகை விலகினதுபோல உள்ளே பல்ப் பளிச்சென்று தெரியும். காய்ந்ததும் பழைய மங்கல் திரும்பிவிடும். அப்படி நடந்தால் கவலையை விடுங்கள். கோளாறு வெளிப்பக்கத்தில்தான், கையால் தேய்த்தே சரிசெய்யலாம். தண்ணீர் ஊற்றியும் கொஞ்சமும் மாறவில்லையென்றால் மங்கல் உள்பக்கத்தில் இருக்கலாம், அல்லது பல்பின் பின்னால் உள்ள வெள்ளி நிறப் பூச்சு கருகிப்போயிருக்கலாம். அதற்கு வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பிரயோசனம் இல்லை.

இந்தத் தண்ணீர் விளையாட்டில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. லைட்டின் மேல்முகம் முழுக்க மெல்லிய கீறல்கள். ஒவ்வொரு கீறலிலும் வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்புவதால் சிதறல் குறைகிறது. வாகனம் விற்கிற சிலர் ஆள் பார்க்க வருமுன் லைட்டில் தேங்காயெண்ணெய் தடவி வைப்பதும் இதே சூத்திரம்தான். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் லைட்டை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள், எண்ணெய் கையோடு வரும். நாம் செய்யப்போவது கீறலை நிரப்புவதில்லை. பெரிய கீறலைத் தேய்த்துச் சின்னக் கீறலாக்குகிறோம், அதை இன்னும் சின்னதாக்குகிறோம், கடைசியில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் கொண்டுவருகிறோம். பொலிஷ் போத்தலில் மந்திரம் எதுவும் இல்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், லைட் சீக்கிரம் மங்குவது புதினமில்லை. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரம் முழுக்க வெயில் ஒரு பக்கம், கடற்கரை மணல் ஒரு பக்கம், கச்சான் காற்று அள்ளிவரும் வயல் புழுதி ஒரு பக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் வீதியில் ஓடுகிற கார்களில் பாதிக்குமேல் பழசாகத்தான் தெரிகின்றன. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மகாஓயாப் பக்கம் இரவில் ஓடினவர்களுக்கு மங்கிய லைட் என்றால் என்னவென்று தெரியும். வளைவில் நிற்பது மரமா யானையா என்று பக்கத்தில் போன பிறகுதான் விளங்கும். ஓட்டமாவடிப் பக்கம் வீதியில் படுத்திருக்கும் கறுப்பு மாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக்கூடாது

காரில் பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் எல்லாம் ஒரே சாதி இல்லை. ஹெட்லைட்டின் முகப்பு பொலிகாபனேட். கல்லடித்தாலும் இலேசில் உடையாது, ஆனால் மேல்முகம் மென்மையானது, வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் கடினமான ஒரு மெல்லிய பூச்சுப் பூசி அனுப்புகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருட வெயிலில் முதலில் சாகிறது அந்தப் பூச்சுதான். தோல் உரிவதுபோல அங்கங்கே உரிந்து, உரியாத இடம் மஞ்சளாகி நிற்கும்.

பின் லைட் பெரும்பாலும் அக்ரிலிக். வெயிலைத் தாங்கும், ஆனால் வெடிக்கும் குணம் உள்ளது. டாஷ்போர்டில் வேகமானிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிபோன்ற மூடியும் பல கார்களில் இதே வகைதான். இவை இரண்டையும் பொலிஷ் பண்ணலாம்.

பம்பரின் கீழேயும் கதவோரத்திலும் இருக்கும் சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் சாண்ட் பேப்பர் வைக்காதீர்கள். அந்தச் சொரசொரப்பே அதன் அழகு. ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்த இடம் மட்டும் வழுவழுவென்று நரைத்து நிற்கும், திரும்ப வராது. டச் ஸ்கிரீனையும் விட்டுவிடுங்கள், அதன்மேல் கூசாமல் இருக்கப் பூசிய பூச்சுப் போய்விடும். ஹெல்மெட்டின் முகமூடி கீறிப்போனால் புதிது வாங்குங்கள். அது கண்ணுக்கு நேரே இருப்பது, அதில் பரிசோதனை வேண்டாம்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். லைட்டைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளுக்குள்ளே சிலந்திவலைபோல நுண்ணிய வெடிப்புகள் மின்னும். அது கீறல் இல்லை, பிளாஸ்டிக்கே வெடித்திருக்கிறது. தேய்த்தால் போகாது. கீறல் எவ்வளவு ஆழம் என்று அறிய நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தக் கீறலை முழுதாக எடுக்க நினைக்க வேண்டாம், விளிம்பு மழுங்கினாலே போதும். அதை அடியோடு எடுக்கப் போய் அந்த இடத்தில் குழி விழுந்தால் வெளிச்சம் கோணலாகப் போகும்.

வேண்டிய சாமான்

பெயின்ட் சாமான் விற்கும் கடையில் கறுப்பு நிறத்தில், தண்ணீர் போட்டுத் தேய்க்கிற சாண்ட் பேப்பர் என்று கேளுங்கள். மரத்துக்குப் போடுகிற மஞ்சள் பேப்பர் இதற்கு ஆகாது, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். இலக்கம் 1000, 1500, 2000, 3000 ஒவ்வொன்றிலும் ஒரு தாள். பூச்சு உரிந்துபோன லைட் என்றால் 800 ஒன்றும். இலக்கம் கூடக்கூடப் பொடி நுண்மையாகும். 1000 இல் ஒரு பொடி மணியின் அளவு ஏறக்குறைய 18 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 2000 இல் ஏறக்குறைய 10 மைக்ரோன். தாளை நாலாகக் கிழித்தால் ஒரு லைட்டுக்குத் தாராளம். 3000 சில கடைகளில் இருக்காது, ஆனாலும் தேடி வாங்குங்கள். மெஷின் வைத்திருப்பவர் 2000 தேய்த்த கையோடு பொலிஷுக்குப் போகலாம். வெறும் கையால் அந்தக் கோடுகளை எடுப்பதற்குள் தோள் இறங்கிவிடும்.

அதோடு கார் பெயின்டுக்குப் போடும் கொம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசை ஒரு சின்ன டின், அதைவிட நுண்மையான பொலிஷ் ஒன்று, மாஸ்கிங் டேப், மைக்ரோஃபைபர் துணி நாலைந்து, இரண்டு வாளி, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம். பேப்பரை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரலின் அழுத்தம் கோடுகோடாக விழும். அதனால் பேப்பரைச் சுற்றிப் பிடிக்க மெத்தென்று ஒரு கட்டை வேண்டும். தேய்ந்துபோன றப்பர் செருப்பை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டிக் கழுவி எடுத்தேன், கடையில் விற்கும் கட்டையைவிட நன்றாக வளைந்துகொடுக்கிறது.

பற்பசை போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பற்பசையிலும் தேய்க்கும் பொடி இருக்கிறது, இலேசான மங்கலுக்கு ஓரளவு பிடிக்கும். உரிந்த பூச்சை அது அசைக்காது. நுளம்பு விரட்டும் ஸ்பிரேயை அடித்துத் துடைத்தால் லைட் பளபளக்கும் என்று காட்டுகிறார்களே, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அதில் இருக்கும் டீட் என்ற இரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்முகத்தைக் கரைக்கிறது. கரைந்து சமமாவதால் அன்றைக்குப் பளபளப்பு, பிறகு முன்னைவிட மோசம். பெற்றோல், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான்.

வேலையைத் தொடங்குவது

காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் நல்லது. லைட் சூடாக இருக்கக்கூடாது, காற்றும் எழும்பியிருக்கக்கூடாது. நிழல் வேண்டும், ஆனால் மரநிழல் வேண்டாம். பூவும் தூசும் நாள் முழுக்க விழுந்துகொண்டிருக்கும். சீமெந்துத் தரை போட்ட போர்ட்டிகோ இருந்தால் அதுதான் இடம்.

முதலில் லைட்டையும் அதைச் சுற்றியுள்ள பொனட், பம்பர் ஓரங்களையும் சவர்க்கார நுரை போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். ஓரத்து இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் உவர், காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விடும். குழாய்த் தண்ணீர் இருந்தால் அதைப் பாவியுங்கள். காய்ந்த பிறகு லைட்டைச் சுற்றிப் பெயின்டின்மேல் மாஸ்கிங் டேப் இரண்டு படையாக ஒட்டுங்கள். சாண்ட் பேப்பர் ஒருமுறை வழுக்கினால் ஒரு படை டேப் தாங்காது. வேலை முடிந்த அன்றே டேப்பை உரித்துவிட வேண்டும், வெயிலில் ஒரு நாள் கிடந்தால் பசை பெயின்டோடு நின்றுவிடும்.

பேப்பர்களைத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். எந்த இலக்கத்தில் தொடங்குவது? எடுத்தவுடன் கரடான பேப்பரைத் தூக்காதீர்கள். ஒரு மூலையில் 2000 ஆல் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். மங்கல் போகிறதென்றால் அதிலேயே தொடங்கலாம். போகவில்லையென்றால் 1500, பிறகு 1000. பூச்சு உரிந்து, தொட்டால் கரைகரையாகத் தட்டுப்படும் லைட்டுக்கு மட்டும் 800.

தொடங்கின பேப்பரால் இடம் வலமாக, கிடையாக மட்டும் தேய்க்க வேண்டும். அழுத்தம் மேசை துடைக்கிற அளவு போதும். அடிக்கடி தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் பேப்பரின் அடியிலிருந்து மஞ்சள் கலந்த பால் வடியும். அது செத்துப்போன பழைய பூச்சு. தேய்க்கத் தேய்க்க அந்தப் பால் வெளுத்து வரும், முழுக்க வெள்ளையானால் பூச்சுப் போய்விட்டது என்று அர்த்தம். இந்த இடத்தில் லைட் முன்னைவிடக் கேவலமாக, பனிக்கட்டிபோல வெளுத்திருக்கும். முதல்முறை செய்கிறவர்கள் இங்கேதான் பயந்து விடுவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒருமுறை நன்றாகத் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். வெளுப்பு எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஆற்றின் நடுவே திட்டுப்போல அங்கங்கே மினுக்கமான இடம் தெரிந்தால் அங்கே இன்னும் பூச்சு மிச்சம். விளிம்புகளிலும் மேல் வளைவிலும்தான் அது ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு அடுத்த பேப்பருக்குப் போனால், கடைசியில் எல்லாம் தெளிந்த பிறகு அந்தத் திட்டு மட்டும் மஞ்சளாக உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

அடுத்த இலக்கத்துக்குப் போகும்போது திசையை மாற்றுங்கள். 1000 கிடையாகத் தேய்த்தால் 1500 மேலும் கீழுமாக. 2000 மறுபடி கிடையாக, 3000 மறுபடி மேலும் கீழுமாக. காரணம் சின்னது. 1500 ஆல் நிலைக்குத்தாகத் தேய்க்கும்போது, முந்தின பேப்பரின் கிடைக்கோடு ஒன்றுகூட மிச்சம் இருந்தால் குறுக்கே தனியாகத் தெரியும். அந்தக் கோடுகள் எல்லாம் மறையும்வரை தேய்த்தால் போதும், மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. எனக்கு முதல் பேப்பருக்குப் பதினைந்து நிமிடம் போகும், மற்றவற்றுக்கு ஏழெட்டு நிமிடம்.

மணல்

இந்த வேலையில் நான் பட்ட பெரிய அடி ஒரு மணலால். முதல் தடவை எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் செய்தேன். கல்லடி முற்றம் என்றால் தெரியும்தானே, வெள்ளை மணல். 800 இல் தொடங்கி 2000 வரை அழகாக வந்து, 3000 ஐத் தொட்டு இரண்டாவது இழுவையில் கிறீச்சென்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் லைட்டின் நடுவில் பிறைபோல ஒரு கீறல், நகம் தட்டுகிற ஆழம். பக்கத்து வளவில் பெயின்ட் அடிக்கிற பாஸ் ஒருவர் வேலியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, வாளிய ஏன் மண்ணில வச்சிரிக்கீங்க?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

வாளியின் அடியில் விரலால் துழாவிப் பார்த்தேன். ஏழெட்டு மணல் கிடந்தது. கையில் ஒட்டினதா, காற்றில் வந்ததா தெரியாது. கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், பொலிகாபனேட்டைவிட எவ்வளவோ கடினம். 3000 பேப்பரின் மணியோடு ஒப்பிட்டால் ஒரு மணல் பாறாங்கல். அன்றைக்குத் திரும்ப 1000 க்குப் போய், எல்லாப் படியும் மறுபடி ஏறி வந்தேன். மத்தியானச் சோறு நாலு மணிக்கு.

அதனால் வாளியைக் கதிரையிலோ சீமெந்துக் கட்டிலோ வையுங்கள். ஒரு வாளி பேப்பர் ஊறவைக்க, மற்றது கை கழுவ. ஒவ்வொரு இலக்கம் மாறும்போதும் இரண்டு வாளித் தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள், லைட்டையும் கையையும் செருப்புக் கட்டையையும் அலசுங்கள். முந்தின பேப்பரின் பொடி ஒன்று நின்றாலும் அடுத்ததன் வேலையை அது கெடுத்துவிடும். தரையில் விழுந்த பேப்பரை எடுத்துக் கழுவிப் பாவிக்க வேண்டாம், அது போகட்டும்.

பொலிஷ், அல்லது கிளியர்

2000 முடிந்ததும், 3000 ஐத் தொடுமுன் கொஞ்சம் பொறுங்கள். இங்கே நின்று ஒரு முடிவு எடுக்க வேண்டும். மேலே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சை ஸ்பிரே அடிக்கப்போகிறீர்களா, இல்லை பொலிஷ் பண்ணி விடப்போகிறீர்களா? இரண்டையும் சேர்த்துச் செய்தால் கெட்டுவிடும்.

கிளியர் அடிப்பதென்றால் 2000 ஓடு நிறுத்திவிட வேண்டும், பொலிஷ் படக்கூடாது. கொம்பவுண்டின் எண்ணெய்ப் பசை கிளியரைப் பிடிக்க விடாது, கொஞ்ச நாளில் உரியும். பேப்பரின் மெல்லிய கோடுகளைக் கிளியரே நிரப்பித் தெளியவைத்துவிடும். நீண்ட காலம் நிற்பது இதுதான். ஆனால் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் கிளியரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கேடான இரசாயனம் இருக்கிறது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வீட்டில் வைத்து அடிக்கிற சாமான் அது இல்லை. தேய்க்கும் வேலையை நீங்கள் முடித்துக்கொண்டு, அடிப்பதற்கு மட்டும் பெயின்ட் பாஸிடம் கொடுத்தால் செலவு மிச்சமாகும். மாரி காலத்தில் கொடுக்க வேண்டாம். நவம்பர், டிசம்பர் ஈரக்காற்றில் கிளியர் வெளிறிப்போக இடம் இருக்கிறது.

பொலிஷ்தான் என்றால், 3000 ஐயும் தேய்த்து முடியுங்கள். லைட் மெல்லிய மூச்சுப் படிந்த கண்ணாடிபோல இருக்கும். பிறகு லைட்டை உள்ளங்கை அகலத் துண்டுகளாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, கடலைப்பருப்பளவு கொம்பவுண்ட் வைத்து, ஒரு துண்டில் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். இங்கே கொஞ்சம் அழுத்தலாம். கொம்பவுண்ட் காயத் தொடங்குமுன் துடைத்துவிட்டு அடுத்த துண்டு. முழு லைட்டும் ஒரு சுற்று முடிந்ததும் சுத்தமான துணியால் துடைத்துப் பார்த்தால் தெளிவு பாதி வந்திருக்கும். மூன்று நாலு சுற்று வேண்டும். மாலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், எங்கே கோடு மிச்சம் என்று அது காட்டிக்கொடுக்கும். கடைசியாக நுண்மையான பொலிஷ், வேறு துணியில், அழுத்தாமல் ஒரு சுற்று.

எல்லாம் முடிந்து லைட் கண்ணாடிபோல நிற்கும்போது பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பழைய பூச்சை நாமே உரித்துவிட்டோம், இப்போது லைட் வெயிலில் வெறும் உடம்போடு நிற்கிறது. சும்மா விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். சவர்க்காரத் தண்ணீரால் பொலிஷ் பசையைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சீலன்ட் ஒன்றை மெல்லியதாகப் பூசுங்கள். அது கிடைக்காவிட்டால் கார் மெழுகாவது. மெழுகு சீக்கிரம் கழுவுப்படும், அடிக்கடி பூச வேண்டும்.

பின் லைட்டும் டாஷ்போர்டும்

பின் லைட்டுக்கும் இதே முறைதான், ஆனால் 1500 க்குக் கீழே போகத் தேவை வராது. தேய்க்கும்போது சிவப்புத் தண்ணீர் வடிந்தால் திடுக்கிட வேண்டாம். சிவப்பு பிளாஸ்டிக்கின் உள்ளேயே கலந்திருக்கிறது, மேலே பூசினதில்லை. மலிவான சில மாற்று லைட்டுகளில் மட்டும் நிறம் மேல்பூச்சாக இருக்கும், முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு இறங்குங்கள். அக்ரிலிக்கைத் துடைக்க ஸ்பிரிட் பாவிக்காதீர்கள், மயிரிழை வெடிப்பு விழும்.

டாஷ்போர்டு மூடியில் விழும் கீறல் பெரும்பாலும் நாமே போட்டது. கடற்கரைக்குப் போய்வந்து, மணல் தூசு படிந்த மூடியைக் காய்ந்த துணியால் ஒரு இழுவை இழுப்போம். அவ்வளவு போதும். அதற்குச் சாண்ட் பேப்பர் வேண்டாம். ஈரத் துணியை ஒற்றி ஒற்றித் தூசை எடுத்துவிட்டு, நுண்மையான பொலிஷ் ஒரு துளி, கண்ணாடி துடைக்கும் துணி, ஒரே திசையில் மெதுவாக. மூடி மெல்லியது, நடுவில் அழுத்தினால் உள்ளே குழிந்து முள்ளில் முட்டும். பட்டன் ஓட்டைகளுக்குள் பொலிஷ் போகாமல் சின்ன டேப் ஒட்டிவிடுங்கள். மேல்முகம் பளபளக்காமல் மங்கலாகவே செய்யப்பட்ட மூடி என்றால் அதையும் தொடாதீர்கள்.

மிஞ்சிய பேப்பரைக் காயவைத்து, பின்பக்கம் இலக்கம் தெரியும்படி தனித்தனிக் கடதாசி உறைகளில் போட்டு வையுங்கள். ஈரத்தோடு ஒன்றாக அடுக்கினால் 800 இன் பொடி 3000 இல் ஏறிவிடும். சீலன்ட் பூசுவதற்கு இரண்டு பௌர்ணமிப் போயாவுக்கு ஒருமுறை என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். அன்றைக்கு லீவு, கார் கழுவுகிற நாள், லைட் இரண்டுக்கும் பூச ஐந்து நிமிடம்.